பட்டுச்சேலையும் பவுனு எருமையும்

பட்டுச்சேலை கட்டிக்கொண்டு செய்யக் கூடாத காரியங்கள் சில உண்டு. எருமைப்பால் கறப்பது அதில் முதலாவது. அதையும் சேற்றில் குந்தி உட்கார்ந்துகொண்டு, பாதி ஊர் வேடிக்கை பார்க்க, பக்கத்தில் ஒருவர் துப்பாக்கியோடு நிற்கக் கறப்பது என்றால், கல்யாணமாகி வந்து இன்னும் புகுந்த வீட்டுச் சமையலறை டப்பாக்களில் எது மிளகு, எது சீரகம் என்றே தெரியாத ஒரு பெண்ணுக்கு அது நடக்கவே கூடாது. எனக்கு நடந்தது.

அறுபதுகளின் நடுவில் நான் வேலம்பாளையத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். பிறந்தது ஊத்துக்குளிப் பக்கம். எங்கள் ஊரில் பிள்ளைகள் பேசுவதற்கு முன்பே வெண்ணெய் எது, டால்டா எது என்று முகத்தைச் சுளித்துக் காட்டிவிடும். பனியன் கம்பெனி வைத்திருக்கும் வீட்டில் மகளுக்குத் தண்ணீர்ப் பால்தான் கிடைக்கும் என்று என் அப்பாவுக்கு ஒரே கவலை. அதனால் கல்யாணச் சீரோடு ஓர் எருமையையும் ஓட்டி வந்துவிட்டார். தார் டின்னுக்குள் விழுந்து எழுந்து வந்த மாதிரி கன்னங்கரேல் என்றிருக்கும். அதற்கு அவர் வைத்திருந்த பெயர் பவுனு.

என் மாமியார் பவுனை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "அம்மிணி, கட்டில் பீரோவுக்கெல்லாம் எடம் ஒதுக்கி வெச்சிருக்கறேன். இதை எங்க போடறது?" என்றார். (அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். கோபமே வராத மனுஷி. அன்றுகூட வரவில்லை, பாவம்.)

முன்பக்கம் கம்பெனி, நடுவில் வீடு, பின்னால் துணி வெளுக்கும் சலவைப் பட்டறை. வீட்டுக்கும் பட்டறைக்கும் நடுவில் இருந்த புங்கமரத்தடியில் பவுனைக் கட்டினோம். வெயில் என்றால் அதற்கு ஆகாது. அத்தை குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார். வேறு யார் மடியில் கை வைத்தாலும் சொட்டுப் பால் விடாது. எனக்கு மட்டும், கன்று முட்டாமலேகூடச் சுரந்துவிடும். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம். கொஞ்சம் என்ன, வகிட்டில் குங்குமம் போல எல்லோருக்கும் தெரிகிற கர்வம்.

ஒருநாள் கல்கத்தாவிலிருந்து ஒரு சேட்டு வந்தார். அவரை அழைத்து வந்தவர் சுலைமான் பாய். வடக்கத்தி வியாபாரிகளுக்கும் எங்கள் ஊர்க் கம்பெனிகளுக்கும் நடுவில் நின்று ஆர்டர் பிடித்துத் தருவது அவர் தொழில். இந்தியையும் கொங்குத் தமிழையும் ஒரே மூச்சில் பேசுவார். அந்த வருஷம் எங்கள் கம்பெனிக்கு நேரம் சரியில்லை. தைத்த பனியன் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. என் வீட்டுக்காரர் இரவெல்லாம் புரண்டு புரண்டு படுப்பார். "இந்த சேட்டு சரின்னுட்டா மெஷினை நிறுத்தாம ஓட்டிக்கலாம்" என்றார். அவர் என்னிடம் தொழில் பேசியது அதுதான் முதல் தடவை.

நான் உடனே கம்பெனியைக் காப்பாற்றக் கிளம்பிவிட்டேன்.

எப்படி? அலங்காரம் செய்துகொண்டு. பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்து, உள்ளே துணிப்பந்து வைத்து, தலைக்குமேல் இன்னொரு தலை முளைத்த மாதிரி ஒரு கொண்டை. முகூர்த்தப் பட்டு. பவுடர் டப்பாவில் பாதி முகத்துக்கு, மீதி கழுத்துக்கு. கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த செண்டு பாட்டிலைத் திறந்தபோது அது கை தவறி மேலேயே கொட்டிவிட்டது. என்னைக் கடந்து போன ஈ ஒன்று தடுமாறிச் சுவரில் உட்கார்ந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

அந்தக் கோலத்தில்தான் பவுனிடம் பால் கறக்கப் போனேன். அப்போதே கறந்த பாலில் சேட்டுக்குக் காப்பி கொடுக்க வேண்டும் என்று திட்டம். சேலையை அவிழ்த்து மாற்றிக் கட்ட மனசு வரவில்லை.

பவுனு என்னை மேலும் கீழும் பார்த்தது. மூக்கை நீட்டி ஒரு தடவை மோந்தது. அதன் கண் இரண்டும் வெளியே வந்தன. உஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டு, முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓட்டம் எடுத்தது. நேராகச் சலவைப் பட்டறைக்குள். அங்கே வெளுப்பு மருந்து கரைத்து மிஞ்சிய வெள்ளைச் சேறு ஒரு குழியில் கிடக்கும். அதற்குள் நான்கு காலையும் இறக்கி ஏறி, கொடியில் காய்ந்த பனியன்களுக்குள் புகுந்து, ஒன்றைக் கொம்பில் மாட்டிக்கொண்டு, பின்வாசல் வழியாகத் தெருவுக்குப் போய்விட்டது.

பட்டுச்சேலையோடு எவ்வளவு தூரம் துரத்த முடியும்? திரும்பி வந்து கம்பெனி அறை வாசலில் நின்றேன். உள்ளே சேட்டு, பாய், என் வீட்டுக்காரர். வெளியாள் முன்னால் வாய் திறந்து பேச எனக்குக் கூச்சம். அதனால் கதவோரம் நின்று, இரண்டு கைகளையும் தலையின் இரண்டு பக்கமும் வைத்துக் கொம்பு மாதிரி காட்டினேன்.

என் வீட்டுக்காரர் பரிவோடு பார்த்தார். "தலை வலிக்குதா? போய்ச் சித்த படு. காப்பியை அம்மா போட்டுக்குவாங்க."

நான் மறுபடியும் காட்டினேன். ஓடுகிற மாதிரியும் செய்து காட்டினேன்.

"அம்மிணிக்குக் கொண்டை கனமா இருக்குதாட்ட இருக்குதுங்க" என்றார் பாய், மிகவும் மரியாதையாக.

அதற்குள் தையல்காரர் ஒருவர் மூச்சு வாங்க ஓடி வந்தார். "ஏனுங்க, நம்ம குட்டையில காட்டெருமை எறங்கியிருக்குதுங்க. ஊட்டிப் பக்கம் பாத்திருக்கறனுங்க, அதேதானுங்க. முட்டி வரைக்கும் காலு வெள்ளையா இருக்குது." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கொம்புல ஒரு பனியன் தொங்குதுங்க. ஆளைத்தான் காணமுங்க."

இதைப் பாய் இந்தியில் சொன்னதும் சேட்டு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். பனியன் சாம்பிளையெல்லாம் அப்படியே போட்டுவிட்டு அவர் முதலில் ஓட, பின்னால் பாய், அவர் பின்னால் என் வீட்டுக்காரர், கடைசியில் நான்.

குட்டைக் கரையில் திருவிழாக் கூட்டம். எங்கள் தூரத்துச் சொந்தம் சென்னியப்ப மாமா துப்பாக்கியோடு நின்றிருந்தார். அவரிடம் லைசென்ஸ் துப்பாக்கி உண்டு என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்க மட்டும்தான் அது வெளியே வரும். குட்டை நடுவில் மூக்கும் கண்ணும் கொம்பும் மட்டும் தெரிந்தன. கொம்பில் எங்கள் கம்பெனிப் பனியன்.

கூச்சமெல்லாம் போன இடம் தெரியவில்லை. "மாமா, சுட்டுப்போடாதீங்க. அது என்ற எருமை பவுனுங்க."

"தூரப் போ அம்மிணி. யாரோ ஒரு ஆளை முழுங்கியிருக்குது."

"எருமை எங்காச்சும் ஆளை முழுங்குமாங்க?"

"இது ஊட்டுல வளத்தற எருமையா இருந்தாத்தானே? காலைப் பாத்தவங்க இத்தனை பேர் சொல்றாங்க." பிறகு நியாயமாக ஒன்று சொன்னார். "உன்ற எருமைன்னா கூப்புடு. வருதான்னு பாக்கலாம்."

கூப்பிட்டேன். பவுனு தலையைத் தூக்கியது. என் குரல் அதற்குத் தெரிந்துவிட்டது. காது இரண்டும் என் பக்கம் திரும்பின. அந்த நேரம் பார்த்து என் முதுகுப் பக்கமிருந்து காற்று வீசியது. செண்டு வாசனை தண்ணீரைக் கடந்து போய்ச் சேர்ந்ததும் பவுனு முகத்தைத் திருப்பிக்கொண்டு இன்னும் ஆழத்துக்குப் போய்விட்டது.

கூட்டம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. சென்னியப்ப மாமா துப்பாக்கியைத் தோளில் ஏற்றினார். அப்பா அதை எங்கள் ஊரிலிருந்து நடத்தியே கூட்டி வந்தார். வழியெல்லாம் அதனிடம் பேசிக்கொண்டே வந்தாராம். அவருக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

அப்போதுதான் சேட்டு, "அர்னா! அர்னா!" என்று கத்தினார்.

அது அவர் ஊர்ப்பக்கம் நிஜக் காட்டெருமைக்குப் பெயர் என்றும், அதைச் சுடாதே என்று அவர் பதறினார் என்றும் பின்னால்தான் தெரிந்தது. சென்னியப்ப மாமா காதில் அது "அண்ணா, அண்ணா" என்று விழுந்தது. தூர தேசத்துக்காரர் உறவு சொல்லிக் கூப்பிடுகிறாரே என்று அவருக்கு மனசு இளகிவிட்டது. துப்பாக்கியை இறக்கிவிட்டுத் திரும்பி, "என்னங்க தம்பி?" என்றார்.

அந்த இடைவெளியில் நான் குட்டைக்குள் இறங்கிவிட்டேன்.

இறங்கினேன் என்று சொல்வது கௌரவத்துக்காக. வழுக்கி விழுந்தேன். எழுந்தேன், மறுபடியும் விழுந்தேன். கொண்டை அவிழ்ந்து, உள்ளே இருந்த துணிப்பந்து தனியாக மிதந்து போனது. ("ஐயோ, அம்மிணி தலை" என்று கரையில் ஒரு அம்மாள் அழ ஆரம்பித்தார்.) பவுடர் கரைந்தது, செண்டு கரைந்தது. கழுத்துவரை சேறு பூசி எழுந்து நின்றபோது என்னிடமிருந்து குட்டை வாசனை தவிர வேறு எதுவும் வரவில்லை.

பவுனு அசைந்து அசைந்து வந்தது. என் தோளில் மூக்கை வைத்தது. இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தாய் என்று கேட்கிற மாதிரி ஒரு நீண்ட மூச்சு விட்டது. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நான் தேம்பித் தேம்பி அழுதேன். அத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பது மறந்தே போயிற்று.

கரையேறியதும் அடுத்த சிக்கல். வெள்ளைச் சேறு தண்ணீரில் கழுவிப் போய், நான்கு காலும் கரிக்கட்டை மாதிரி இருந்தன. கூட்டத்துக்குப் பெருத்த ஏமாற்றம். "இது வேற எருமைங்க. வெள்ளைக்கால் எருமை இன்னும் உள்ளதான் கெடக்குது" என்றார் தையல்காரர். கண்ணால் பார்த்ததை அவர் விட்டுக்கொடுப்பாரா?

சென்னியப்ப மாமா யோசித்தார். "கறந்து காட்டு அம்மிணி. கறந்துட்டா ஊட்டு எருமைன்னு ஒத்துக்கறேன்."

யாரோ ஒருவர் தன் சாப்பாட்டுத் தூக்குப்போசியை நீட்டினார். நான் சேற்றிலேயே குந்தி உட்கார்ந்தேன். பவுனு என்னை ஏமாற்றவில்லை. பால் சர்சர்ரென்று போசியில் இறங்கும் சத்தத்தைக் கேட்டுக் கூட்டம் அமைதியானது. அந்த அமைதியில்தான் அத்தை வந்து சேர்ந்தார். முகூர்த்தப் பட்டில் சேறு, முகத்தில் பாசி, தலைவிரி கோலமாக மருமகள், சுற்றிலும் ஊர், பக்கத்தில் துப்பாக்கி. எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்தார். என்ன சொல்லப் போகிறாரோ என்று கறந்துகொண்டே நிமிர்ந்து பார்த்தேன்.

"மடியைக் கழுவுனியா அம்மிணி?" என்றார். அவ்வளவுதான்.

சேட்டு இதற்குள் பவுனிடம் போய்க் கொம்பில் இருந்த பனியனை எடுத்தார். முறுக்கிப் பிழிந்தார். இழுத்துப் பார்த்தார். தையலைத் திருப்பிப் பார்த்தார். ஓர் இழைகூடப் பிரியவில்லை. பாயிடம் ஏதோ சொன்னார். பாய் என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தார். "எருமை போட்டும் கிழியலியே, ஆள் போட்டா எப்படிக் கிழியும்னு கேக்கறாருங்க. ஆர்டர் நமக்குத்தான்."

மாலையில், தலைக்கு ஊற்றிக்கொண்டு பழைய சேலையில் நான்தான் காப்பி கொடுத்தேன். சேட்டு சிறுவயதில் அசாமில் வளர்ந்தவராம். நம் ஊட்டிப் பக்கத்தில் காட்டெருமை என்கிறோமே, அது எருமையே அல்ல, காட்டு மாடு என்றார். நிஜக் காட்டெருமை அசாம் சதுப்பு நிலத்தில் இருக்கிறது. பவுனுக்கு முப்பாட்டி முறை. கொம்பு இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் இருக்குமாம். அதற்கும் கால் முட்டிக்குக் கீழே வெளுப்பாம். அதனால்தான் தையல்காரர் சொன்னதைக் கேட்டதும் அவர் அப்படி ஓடியிருக்கிறார். சின்ன வயதில் கூட்டம் கூட்டமாகப் பார்த்திருக்கிறாராம். இப்போது சதுப்பையெல்லாம் வயலாக்கிவிட்டார்கள், வேட்டையாடுகிறவர்களும் விடுவதில்லை, தேடிப் போனாலும் கண்ணில் படுவதில்லை என்றார்.

நான் எருமைக்காரி. எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் வந்தது. "அதுகளுக்கெல்லாம் யாருங்க பால் கறப்பாங்க?"

பாய் சிரித்துக்கொண்டே இந்தியில் கேட்டார். சேட்டும் சிரித்தார். பிறகு டம்ளரைக் கீழே வைத்தார். பாயிடம் மெதுவாக ஏதோ சொன்னார்.

"அதோட கன்னுக்குட்டி மட்டுந்தான் குடிக்குமாம்" என்றார் பாய். "அதுகளைச் சுட வந்தா தண்ணிக்குள்ள எறங்கறதுக்கு யாரும் இல்லைன்னு சொல்றாருங்க."

இன்னொரு டம்ளர் காப்பி கொண்டுவந்து வைத்தேன்.

பவுனு எங்கள் வீட்டில் இன்னும் பல வருஷம் இருந்து, நிறையக் கன்று போட்டது. அந்தப் பட்டு எத்தனை துவைத்தும் குட்டை நிறத்தை விடவில்லை. சம்பவம் மட்டும் எங்கள் வீட்டில் வளர்ந்துகொண்டே போகிறது. என் வீட்டுக்காரர் சொல்லும்போது சென்னியப்ப மாமா இப்போதெல்லாம் இரண்டு தடவை சுட்டுவிடுகிறார். வீட்டில் எந்தப் பெண் கண்ணாடி முன்னால் நின்றாலும் அவருக்கு ஒரே வசனம்தான்.

எங்கள் சின்ன மகள் கல்யாணத்துக்கு அலங்காரம் செய்ய வெளியூரிலிருந்து ஒரு பெண்ணை வரவழைத்திருந்தோம். பாவம், நன்றாகப் படித்த பெண். பவுடர் டப்பாவைத் திறந்தபோது என் வீட்டுக்காரர் கதவோரம் வந்து நின்று, "கொஞ்சமாப் போடு கண்ணு. எருமை அடையாளம் தெரியாம மிரண்டுக்கும்" என்றார்.

அறையில் இருந்த நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. தாலி கட்டி முடியும் வரை மாப்பிள்ளையை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தாள்.