தலைகீழாய் நின்ற தொலைக்காட்சிப் பெட்டி

ரெஹோவோத்தில் நூற்றிருபது வயதுவரை நலமாக இருக்கவேண்டிய தம்பி யிஹ்யாவுக்கு, ரோஷ் ஹாயினிலிருந்து அக்கா ரூமியா சொல்ல, மருமகள் பெனினா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன்மேல் எனக்குள்ள கோபமும் சுகம்.

எல்லாம் உன் கடிதத்தால் வந்தது. நீ மூன்று பக்கம் எழுதுகிறாய், பெனினா ஒரே மூச்சில் பார்த்துவிட்டு மாமாவுக்கு முழங்கால் வலியாம் என்கிறாள். முழங்கால் வலிக்கு மூன்று பக்கமா? இனி நானே படிப்பது என்று முடிவு செய்தேன். ஹீப்ரு எழுத்து எனக்குப் பாதி தெரியும். ஏமனில் நம் வாத்தியார் மோரி பாடம் சொன்ன ஒரே புத்தகத்தைப் பாயில் வைத்துச் சுற்றிலும் பையன்கள் உட்கார்ந்தீர்கள். நீ அவர் மடியோரம். நான் ஈ விரட்டும் சாக்கில் எதிர்ப்பக்கம் நின்று, இருபத்திரண்டு எழுத்தில் பன்னிரண்டைத் தலைகீழாகவே பிடித்துவிட்டேன். பதின்மூன்றாவது வரும்போது, "மோரி, அக்கா படிக்கிறா" என்று காட்டிக்கொடுத்தவன் யார்? அறுபது வருஷமாகிறது. அன்று உன் சட்டையில் எந்தப் பொத்தான் இல்லை என்றுகூடச் சொல்வேன்.

மீதிப் பத்துக்காகத்தான் பேத்தி பார்க்கும் எழுத்துப் பாட நிகழ்ச்சிக்கு முன்னால் உட்கார்ந்தேன். என்ன கண்றாவி! ஒரு துணிப்பொம்மை, மூளையிருக்கும் இடத்தில் பஞ்சு, ஒரே எழுத்துக்குத் தொப்பி மாட்டி, குளிப்பாட்டி, நிகழ்ச்சி முழுக்க அதோடு ஆடுகிறது. மோரி ஒரு காலையில் மூன்று எழுத்தைப் பிரம்பால் ஏற்றுவார். போகட்டும் என்றால், அது காட்டும் எழுத்தெல்லாம் நிமிர்ந்து நிற்கிறது, எனக்கு ஒன்றுகூட அடையாளம் தெரியவில்லை. சோபாவில் தலையைத் தொங்கவிட்டுப் பார்த்தேன், கழுத்து பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டு ஹமாமா எண்ணெய் தேய்த்து நிமிர்த்தினாள். பிறகு இருவருமாகப் பெட்டியையே கவிழ்த்து வைத்தோம்.

சாயங்காலம் என் மகன் வந்தான். "அம்மா, செய்தி வாசிக்கிறவரு ஏன் தலைகீழா தொங்குறாரு?"

"அவரு நல்லாத்தான் வாசிக்கிறாரு. நீ கழுத்தைத் திருப்பு."

அந்த நிகழ்ச்சி வரும் செவ்வாய்க்கிழமை மட்டும் கவிழ்த்துக்கொள்ளலாம் என்று கடைசியில் சமாதானமானது. இப்படிப் பல மாதம் போனது. போன வாரம் உன் கடிதத்தைக் கவிழ்த்துப் பிடித்து, இன்னும் பாக்கியுள்ள ஒரே எழுத்தை ஊகித்துக்கொண்டு, எழுத்தெழுத்தாகப் படித்தேன். நல்லவேளை, நீ இன்னும் அச்செழுத்து மாதிரியே எழுதுகிறாய். இரண்டாம் பக்கத்தில் இருந்தது: "இதை அக்காவிடம் படிக்காதே பெனினா, கத்துவாள். மோரியின் புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது." ஏமனை விட்டு இங்கே வரும்போது ஏடன் வழியில் தொலைந்துபோனதாக இருபத்தைந்து வருஷம் என்னிடம் சொன்ன அதே புத்தகம்!

"ஏண்டி மறைச்சே?" என்றேன்.

"மாமாதான் சொல்ல வேண்டாம்னாரு, அத்தை. நீங்க கத்துவீங்கன்னு."

"நான் என்னைக்காவது கத்தியிருக்கேனா?"

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஹமாமா பதில் சொன்னாள். அதை இங்கே எழுதவேண்டாம் என்றிருக்கிறேன். பெனினா எழுதமாட்டாள், எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இனி உன் முகத்தில் விழிக்கமாட்டேன். புத்தகத்தைத் தபாலில் அனுப்பு. உன் முழங்கால் குணமாகட்டும், பேரன்களின் கல்யாணத்தில் நீ ஆடவேண்டும், நான் வரமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அக்கா ரூமியா

பின்குறிப்பு: தபாலில் போட்டுத் தொலைத்துவிடாதே, நீயே எடுத்துக்கொண்டு வா. ஆனால் செவ்வாய்க்கிழமை வேண்டாம். அன்று பொம்மை கடைசி எழுத்தைச் சொல்லித்தருகிறது. ஹமாமாவும் நானும் கேக் செய்து வைத்துக்கொண்டு உட்காருகிறோம், நடுவில் யாரும் பேசக்கூடாது. புதன்கிழமை வா.