கேக் வாங்காத ஹென்னிங்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது பத்துக்கு ஐனரிடமிருந்து தொலைபேசி வந்தது.

"ஹென்னிங், எங்க ஊர்த் தண்ணி எழுபத்தோராயிரத்து நானூறு டிகிரியில கொதிக்குதாம். உங்க ஸ்கிரீன் சொல்லுது."

"என்னது?"

"சூரியனே அவ்வளவு சூடு இல்ல. நான் பாய்லர் பக்கத்துலதான் உக்காந்து காபி குடிக்கிறேன். கம்பளிச் சட்டையோட."

ஐனர் ஓஸ்டர்பெக் என்ற சிற்றூரின் வெந்நீர் நிலையத்தைப் பார்த்துக்கொள்பவர். அங்கிருந்துதான் குழாய் வழியாக ஊர் வீடுகளுக்கெல்லாம் சூடு போகிறது. அதன் திரைகளுக்கு நிரல் எழுதுவது, ஓடென்ஸேயில் ஹென்னிங் வேலை செய்யும் சிறிய அலுவலகம்.

ஹென்னிங் திரையைத் திறந்து பார்த்தார். 71.400 என்று இருந்தது. டென்மார்க்கில் தசமத்துக்குக் கமா. புள்ளி ஆயிரத்தைப் பிரிக்க. நேற்றைய புதிய பதிப்பில் யாரோ ஆங்கில வழக்கப்படி எழுதிவிட்டார்கள்.

"ஒரு புள்ளிதான் பிரச்சினை, ஐனர். அஞ்சு நிமிஷம் குடுங்க."

தொலைபேசியை வைத்தார்.

"யாரோ தப்பு பண்ணிருக்காங்க. இன்னைக்கும் கேக் உண்டு" என்றார்.

எதிர் மேசை டோர்டே தலையை ஆட்டினாள். தன் திரைக்குத் திரும்பினாள்.

அந்த அலுவலகத்தில் எல்லோரும் மதித்த சட்டம் ஒன்றுதான். வேலையில் எதையாவது கெடுத்தவர், வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குக் கேக் கொண்டுவர வேண்டும். திட்டு கிடையாது. விசாரணை கிடையாது. கேக் வந்தால் விஷயம் முடிந்தது. முதலாளி ஊல்ரிக்கும் வாங்கி வந்திருக்கிறார்.

பதினோரு வருடத்தில் கேக் வாங்காதவர் ஹென்னிங் மட்டும்.

அதை அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை. மற்றவர்களுக்கு ஞாபகப்படுத்துவார், அவ்வளவுதான். முதல் துண்டை எடுத்துக்கொண்டு, வாங்கி வந்தவரைப் பார்த்து, "இந்தத் தடவை என்ன ஆச்சு?" என்பார். "சின்னதுதான்" என்பார்கள். சின்னத் தப்பு எப்படிப் பெரியதாகிறது என்று இரண்டாம் துண்டு முடியும்வரை விளக்குவார். யாரும் குறுக்கே பேசமாட்டார்கள்.

சேர்ந்த வருடத்தில் ஒருமுறை ஊல்ரிக் ஒரு தப்பை ஹென்னிங்குடையது என்று சொல்லிவிட்டார். அது ஏன் தன்னுடையதாக இருக்க முடியாது என்று ஹென்னிங் பலகையில் படம் போட்டு மாலைவரை நிரூபித்தார். கேக் காய்ந்துபோயிற்று. அதன்பின் யாரும் அப்படிச் சொன்னதில்லை. சொல்லும்படி அவரும் நடந்துகொண்டதில்லை.

எண்ணின் வடிவம் பல கோப்புகளில் எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொன்றாகத் திறந்து கையால் மாற்றலாம். கையால் மாற்றுகிறவர்களை ஹென்னிங் மதிப்பதில்லை. கறுப்புத் திரையைத் திறந்தார். எல்லாப் பக்கங்களிலும் புள்ளியைக் கமாவாக்கு என்று ஒரே வரியில் கட்டளை எழுதினார்.

அதில் ஒரு நுட்பம் உண்டு. தேடவேண்டியதைக் குறிகளால் சொல்லும் ரெஜெக்ஸ் மொழியில், வெறும் புள்ளி என்றால் புள்ளி அல்ல; எந்த எழுத்தானாலும் சரி என்று பொருள். நிஜப் புள்ளி வேண்டுமென்றால் முன்னால் ஒரு சாய்கோடு போடவேண்டும். போன மாதம்தான் கேக் தின்றுகொண்டே ப்ரெபெனுக்கு அவர் இதைச் சொல்லிக்கொடுத்தார். ப்ரெபென் அந்த அலுவலகத்தில் நான்கு வருட அனுபவக்காரன். கேட்டுக்கொண்டான்.

ஹென்னிங் சாய்கோட்டைப் போட்டார்.

ஆனால் இன்னொன்றும் செய்தார். வாடிக்கையாளர் திரைகள் ஓடும் நேரடிக் கணினியிலேயே தட்டினார். அதில் கைவைக்கக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியவரும் அவர்தான். ஒரு புள்ளிதானே.

71,400 என்று வந்தது. ஹென்னிங் சாய்ந்து உட்கார்ந்தார்.

தொலைபேசி அடித்தது.

"டிகிரி சரியாயிடுச்சு" என்றார் ஐனர். "படமெல்லாம் காணோம்."

"எந்தப் படம்?"

"பாய்லர், குழாய், எல்லாம். அப்புறம், 'அபாயம், உடனே வெளியேறவும்'னு போட்டு கமாவுல நிக்குது. வெளியேறி அப்புறம் என்ன பண்ணணும்?"

படத்தைக் கூப்பிடும் வரிகளிலும் புள்ளி உண்டு. வாக்கியத்தின் முடிவிலும் உண்டு.

"ரெண்டு நிமிஷம்" என்றார் ஹென்னிங்.

நிரலின் பழைய நிலைகளெல்லாம் அதே கோப்பகத்தில் ஓர் ஓரமாகச் சேமிக்கப்பட்டிருந்தன. ஒரு சொல் தட்டினால் பின்னுக்குப் போய்விடலாம். ஆனால் அங்கே ப்ரெபெனின் வேலையும் கிடந்தது. நேரடிக் கணினியில் மட்டுமே செய்ய முடிகிற ஒரு திருத்தத்துக்காக அவன் காலை ஆறு மணிக்கே வந்து உட்கார்ந்திருந்தான். இன்னும் சேமிக்கவில்லை. இப்போது கூட்டத்தில் இருந்தான். பின்னுக்குப் போனால் அவன் வேலை போய்விடும். அவனைக் கேட்டால் ஏன் என்பான்.

ஹென்னிங் கேட்கவில்லை. கட்டளையைத் திருப்பிப் போட்டார். கமாவையெல்லாம் புள்ளியாக்கு.

ஆனது. முன்பே கமாவாக இருந்தவையும் ஆயின.

"இப்ப உள்ளேயே விட மாட்டேங்குது" என்றார் ஐனர். "இங்கிலீஷ்ல ஏதோ திட்டுது."

"என்னன்னு?"

"எனக்கென்ன தெரியும்? சிவப்பா இருக்கு."

டோர்டே எட்டிப் பார்த்தாள்.

"எதாவது உதவி வேணுமா, ஹென்னிங்?"

"எதுக்கு?"

"சும்மா கேட்டேன். ஒரு மாதிரி மூச்சு விடற."

"ஜன்னலத் திற. புழுக்கமா இருக்கு."

"வெளியே பனி பெய்யுது."

"திறயேன்."

டோர்டே திறந்தாள். கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஹென்னிங் இம்முறை பொறுமையாக யோசித்தார். இரண்டு பக்கமும் எண் இருந்தால் கமா. பின்னால் இடைவெளி இருந்தால், முன்னால் இருப்பது எழுத்தா அடைப்புக்குறியா என்று பார்த்து ஒன்று. மேற்கோளுக்குள் இருந்தால் வேறொன்று. கட்டளை மூன்று வரிக்கு நீண்டது. அழகாக இருந்தது. அதை எழுத முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் ஐனர் இரண்டு முறை கூப்பிட்டார். இரண்டாம் அழைப்பை எடுத்தபடியே ஹென்னிங் தட்டிவிட்டார்.

மூன்று வரியில் ஓரிடத்தில் சாய்கோடு இல்லை. பக்கங்கள் மட்டும் என்று சொல்வதையும் விட்டிருந்தார்.

"ஹென்னிங், இருக்கீங்களா? இப்ப எல்லாம் கமா."

"எல்லாம்னா?"

"எல்லாம். வாசிக்கட்டுமா?"

"வேண்டாம்."

"கமா, கமா, கமா, அடுத்த வரி, கமா, கமா..."

ஹென்னிங் ஒரு கோப்பைத் திறந்தார். வரிவரியாகக் கமா. இன்னொன்றைத் திறந்தார். அதுவும். பழைய நிலைகளைச் சேமித்து வைத்த இடத்தைத் திறந்தார். நிறுவனம் எழுதிய முதல் வரியிலிருந்து நேற்று எழுதியது வரை கமா. கோப்புகளின் அளவு மட்டும் இம்மியும் மாறவில்லை.

எழுந்து ஜன்னலுக்குப் போனார். முகத்தில் பனி விழுந்தது. திரும்பி வந்தார்.

"டோர்டே."

"ம்."

"தினமும் ராத்திரி ஒரு பேக்கப் எடுக்கிறியே, அது ஒழுங்கா வேலை செய்யுதா?"

"ஏன்?"

"ஒரு சோதனை பண்ணிப் பாக்கலாம்னு. திடீர்னு தோணுச்சு."

"நல்ல விஷயம். பண்ணணும்." டோர்டே விசைப்பலகையில் ஒரே ஒரு விசையைத் தட்டினாள். "போட்டாச்சு."

"அதுக்குள்ளயா?"

"நேத்து ராத்திரி பேக்கப்ப ஒன்பதேகாலுக்கே தயாரா எடுத்து வெச்சிட்டேன்."

அவளுடைய சுறுசுறுப்பை ஹென்னிங் மனதுக்குள் பாராட்டினார். திரையைப் பார்த்தார். நேற்றிரவு இருந்தபடியே எல்லாம் வந்திருந்தது. படங்கள், வாக்கியங்கள், எழுபத்தோராயிரத்து நானூறு டிகிரி. இம்முறை கையால் திறந்து தேடினார். நிரல் எண்ணின் வடிவத்தை உண்மையில் எடுத்தது ஒரே ஒரு கோப்பிலிருந்துதான். மற்ற இடங்களில் இருந்தவை பழைய மிச்சம். புள்ளியை அழித்துக் கமா போட்டார்.

"அருமை" என்றார் ஐனர். "இதுக்கா இவ்வளவு நேரம்?"

ஹென்னிங் நிம்மதியாக மூச்சு விட்டார். யாருக்கும் தெரியாது. சுத்தமாக முடிந்தது.

பதினொன்றரைக்குக் கூட்டம் முடிந்து ப்ரெபென் வந்தான். உட்கார்ந்தான். கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான்.

"என் வேலை காணோமே" என்றான்.

ஹென்னிங் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். ரை ரொட்டி, மேலே மீன்.

"காலைல ஆறு மணிலருந்து பண்ணது" என்றான் ப்ரெபென். "ஒண்ணுமே இல்ல." டோர்டேயைப் பார்த்தான். டோர்டே அவனைப் பார்த்தாள். ப்ரெபென் தலையைச் சொறிந்துகொண்டான். "சரி. நான்தான் சேமிக்க மறந்திருப்பேன். கேக் நான் வாங்கறேன்."

"போன வாரமும் நீதானே வாங்கினே?" என்றார் ஹென்னிங்.

"ஆமா. பரவால்ல."

ப்ரெபென் மனைவியைத் தொலைபேசியில் கூப்பிட்டான். மகளுடைய குதிரைப் போட்டி இரண்டரைக்கு. ஒரு மணிக்குக் கிளம்பினால்தான் போய்ச் சேரலாம். "நீ மட்டும் கூட்டிட்டுப் போயிடு" என்றான். "அழறாளா? ஃபோனை அவகிட்ட குடு." பிறகு மெல்லிய குரலில் வெகுநேரம் பேசினான்.

ஹென்னிங் ரொட்டியைத் திரும்பப் பெட்டியில் வைத்தார்.

பேசாமல் இருந்தால் போதும். இரண்டு மணிக்குக் கேக் வரும். முதல் துண்டை எடுத்துக்கொண்டு, இந்தத் தடவை என்ன ஆச்சு என்று கேட்கவேண்டும். ப்ரெபென் சின்னதுதான் என்பான். அடுத்த வாரம் எல்லோரும் மறந்துவிடுவார்கள். பதினோரு வருடம் பன்னிரண்டாகும்.

ப்ரெபென் தொலைபேசியை வைத்துவிட்டு முதல் வரியிலிருந்து மறுபடி எழுத ஆரம்பித்தான்.

ஹென்னிங் எழுந்து நின்றார்.

"ப்ரெபென், நீ கிளம்பு. குதிரையப் பாரு. உன் வேலைய நான் முடிக்கறேன்."

"எதுக்கு?"

"உன் வேலைய அழிச்சது நான். ஐனரோட ஸ்கிரீன், கமா, எல்லாம் நான்தான். காலைலருந்து." சாப்பாட்டுப் பெட்டியை மூடினார். "கேக்கும் நான்தான் வாங்கணும்."

ஊல்ரிக் தன் அறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். டோர்டே கோப்பையைக் கீழே வைத்தாள். சிரிப்பார்கள் என்று ஹென்னிங் எதிர்பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. ப்ரெபென் வந்து அவர் தோளில் கைவைத்தான். அவன் கண் கலங்கியிருந்தது. ஒரு கேக்குக்கு இவ்வளவா என்று ஹென்னிங்குக்குத் தோன்றியது.

"நீங்க உக்காருங்க" என்றான் ப்ரெபென். "நான் போற வழியில வாங்கிக் குடுத்துட்டுப் போறேன்."

"இல்ல, நான் போறேன்" என்றாள் டோர்டே. "அவனுக்குப் போட்டிக்கு நேரமாயிடும்."

"எனக்கு நடக்கணும் போல இருக்கு, நான் போறேனே" என்றார் ஊல்ரிக்.

மூவரும் கோட்டை எடுத்துவிட்டார்கள்.

"யாரும் போக வேண்டாம்" என்றார் ஹென்னிங். "சட்டம் சட்டம்தான். கடை எங்கன்னு மட்டும் சொல்லுங்க."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பாலம் தாண்டி வலது பக்கம் மூலைக் கடை" என்றாள் டோர்டே கடைசியில். "எந்த ஆபீஸ்னு சொல்லாதே. அதாவது, சொல்லணும்னு அவசியமில்ல. கேக்கை வாங்கு, வந்துடு."

பனியில் நடந்து போகையில் ஹென்னிங்குக்கு உடம்பு லேசாக இருந்தது. பதினோரு வருடச் சுமை ஒரு வாக்கியத்தில் இறங்கிவிட்டது. தப்பை ஒப்புக்கொள்வது அப்படியொன்றும் கஷ்டமில்லை. மற்றவர்களுக்கு அதை விளக்கிச் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

கடையில் எண் சீட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார். கண்ணாடிக்குப் பின்னால் தட்டு நிறைய புரூன்ஸ்விகர் கேக். மேலே வெண்ணெயும் பழுப்புச் சர்க்கரையும் உருகிக் குழிகளில் தேங்கியிருந்தன. கடைக்காரப் பெண் நீளக் கத்தியோடு நின்றாள். அவர் முறை வந்தது.

"இதுல குடுங்க" என்றார் ஹென்னிங். "ஆபீசுக்கு."

அவள் கத்தியைத் தட்டின் மேல் கொண்டுபோனாள். அவர் கழுத்தில் தொங்கிய, அலுவலகப் பெயர் போட்ட பட்டையைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். முகம் மலர்ந்தது.

"ஓ, நீங்களும் அந்த ஆபீசா? புதுசா சேந்திருக்கீங்க போல. சரி, சொல்லுங்க, இந்த வாரம் அந்த ஹென்னிங் கெடுத்தது பெருசா, சின்னதா? அதுக்குத் தகுந்த மாதிரிதானே உங்களுக்கு எப்பவும் வெட்டிக் குடுப்போம்?"