கரியமில வாயுவில் கலப்படம் பார்ப்பவர்

அரிசியில் கல் பார்க்கிறவர்கள் உண்டு. பாலில் தண்ணீர் பார்க்கிறவர்கள் உண்டு. எங்கள் வடக்கு மினசோட்டாவில் அதற்கும் மேற்பட்ட ஓர் இனம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத, மூக்குக்கு எட்டாத கரியமில வாயுவில் கலப்படம் பார்க்கிறவர் அவர்.

வீட்டு நிலவறையில் தானே பீர் காய்ச்சுவார். காய்ச்சிய பீரில் குமிழி ஏற்றவும், அதைப் பீப்பாயிலிருந்து தள்ளி வெளியே கொண்டுவரவும் ஒரு சிலிண்டர் வாயு வேண்டும். சாதாரண மனிதன் என்ன செய்வான்? பக்கத்து ஊர் வெல்டிங் கடையில் நிரப்பிக்கொண்டு வந்து, குழாயை மாட்டி, குடித்துவிட்டுப் படுப்பான். நம்மவர் அப்படிப்பட்டவரா என்ன! அந்த வாயு எந்த ஆலையில் பிறந்தது, இதற்குமுன் அந்தச் சிலிண்டரில் யார் குடியிருந்தார்கள், நிரப்பியவன் கை கழுவினானா என்று பெண் பார்க்கப் போன வீட்டில்கூடக் கேட்காத கேள்வியெல்லாம் கேட்பார். பெட்ரோல் பங்க்கில் சூட்டு உருளைமேல் காலையிலிருந்து உருண்டு உருண்டு சுருங்கிப்போன சாசேஜை மட்டும் ஒன்றும் கேட்காமல் வாங்கித் தின்பார்.

ஓரின் ஹௌகன் இந்த இனத்தின் மணியான மாதிரி. சாலைத் துறையில் பனி வாரும் வண்டி ஓட்டுகிறவர். குளிர்காலம் முழுக்க டீசல் புகையைச் சுவாசிக்கிறவர். ஒருமுறை இரண்டு கடை வாயுவை இரண்டு பாட்டில் தண்ணீரில் ஏற்றி, தேவாலயத்துக் காபி நேரத்தில் எல்லோரையும் குடிக்க வைத்தார். பாதிரியார் டாலெஃப்சன் மரியாதைக்காக, "ஏதோ வித்தியாசம் இருக்கிற மாதிரிதான் இருக்கு" என்று சொல்லித் தொலைத்தார். அவ்வளவுதான். அன்றிலிருந்து, "பாதிரியாரே சொல்லிட்டாரு" என்பது வேதவாக்காகிவிட்டது.

பீர் எப்படி இருக்கும் என்கிறீர்களா? அதைப் பற்றி யாரும் ஓரினிடம் பேசியதில்லை. பேச அவர் இடம் கொடுத்ததில்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டவள் அவர் மனைவி மார்லிஸ். மகள் பிரிட்டாவின் கல்யாணத்துக்கு நான்தான் பீர் காய்ச்சுவேன் என்று ஓரின் அறிவித்தபோது அவள் வேண்டாமென்று சொல்லிப் பார்த்தாள். ஆனாலும், "அப்பா ஆசைப்படறார்மா" என்று பிரிட்டாவே சொன்ன பிறகு என்ன செய்வது?

தேவாலயத்தில் சடங்கு நல்லபடி முடிந்தது. நான் உட்பட எல்லோரும் ஊர் மண்டபத்துக்கு வந்து, தட்டில் ஹாட்டிஷ் என்கிற இறைச்சி-உருளைக்கிழங்குக் கலவையைப் போட்டுக்கொண்டு, கோப்பையை நீட்டினார்கள். ஓரின் குழாயைத் திறந்தார். 'புஸ்' என்று ஒரு சத்தம், கொஞ்சம் நுரை, அப்புறம் ஒன்றுமில்லை. ஏதோ ஒரு இணைப்பில் கசிந்து, சிலிண்டர் மொத்தமும் காலி.

மார்லிஸின் தம்பி டுவேன் டிராக்டர் பழுது பார்க்கிறவன். அவன் உடனே எழுந்தான். "இதுக்கா மச்சான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறீங்க? என் வெல்டிங் சிலிண்டர் வண்டியிலயே இருக்கு. அதே கரியமில வாயுதான், வேற எதுவும் கலக்காதது. மாட்டிவிடட்டுமா?"

ஓரின் அவனைப் பார்த்த பார்வை, சாக்கடைத் தண்ணீரில் மகளைக் குளிப்பாட்டட்டுமா என்று அவன் கேட்டதுபோல் இருந்தது.

"டுவேன், இது என் பொண்ணு கல்யாணம்."

"அதான் சொல்றேன்!"

"இரும்பை ஒட்டற வாயுவை மனுஷன் வயித்துல விடச் சொல்றியா? துலூத் டவுனுக்கு அந்தப் பக்கம் வெர்ஜில்னு என்னை மாதிரியே பீர் காய்ச்சறவன் இருக்கான். அவன்கிட்ட சுத்தமானது ஒண்ணு எப்பவும் இருக்கும்."

மார்லிஸ் வாசல்வரை ஓடினாள். "அப்பாவும் பொண்ணும் ஆடற டான்ஸ் இருக்கு, ஓரின். ஞாபகம் இருக்கா?"

"போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது. நீ ஆரம்பிக்க மட்டும் விட்டுடாதே!" கோட்டும் சூட்டுமாக வண்டியேறிப் பறந்தார்.

இப்படிப்பட்டவர் ஒருவர் இன்னொருவர் வீட்டுக்குப் போனால் என்ன ஆகும்? வெர்ஜில் நமது ஓரினையும் தூக்கிச் சாப்பிட்டவர். சிலிண்டரைக் கொடுக்குமுன் விசாரணை தொடங்கியது. உன் ரெகுலேட்டரில் யார் யார் கை பட்டது? வெல்டிங் கடைப் பக்கம் எப்போதாவது போயிருக்கிறதா? குழாயை எதில் கழுவுகிறாய்? ஓரினுக்கு வியர்த்தது. பிறர் சுத்தத்தையே சந்தேகித்து வாழ்ந்த மனிதர், தன் சுத்தத்தை நிரூபிக்க முடியாமல் திண்டாடினார். மார்லிஸ் ஃபோன் செய்தபோது, "வந்துக்கிட்டே இருக்கேன்" என்றார். பின்னணியில் வெர்ஜிலின் நாய் குரைத்தது.

மண்டபத்தில் கோப்பைகள் காய்ந்துகொண்டிருந்தன. மாப்பிள்ளை வீட்டார் எலுமிச்சை ஜூஸைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். மார்லிஸ் தம்பியிடம் போய், "எடுத்துட்டு வாடா" என்றாள்.

டுவேன் துருப்பிடித்த சிலிண்டரை மேஜைத் துணிக்குப் பின்னால் நிறுத்தி மாட்டினான். பீப்பாயைத் தரையில் சாய்த்துக் குழந்தையைத் தாலாட்டுவதுபோல் உருட்டி உருட்டி வாயு ஏற்றினான். சற்று நேரத்தில் பீர் நுரைத்துக்கொண்டு வந்தது. கூட்டம் ஆரவாரித்தது. அக்கார்டியன்காரர் அப்பா-மகள் ஆடல் பாட்டைத் தொடங்காமல் எத்தனை போல்கா மெட்டு வாசிக்க முடியுமோ அத்தனையும் வாசித்தார். கடைசியில் பிரிட்டா, "போதும்மா" என்று சொல்லி, மாமா டுவேனின் கையைப் பிடித்துக்கொண்டு ஆடினாள். அவள் சிரித்தாள்தான். மார்லிஸ்தான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பாதிப் பேர் கிளம்பிய பிறகு ஓரின் வந்தார். சிலிண்டரைப் பிறந்த குழந்தைபோல் நெஞ்சோடு அணைத்திருந்தார். எல்லோர் கையிலும் பீர். மார்லிஸ் ஒரு கோப்பையை நீட்டினாள்.

ஓரின் குடித்தார். கண்ணை மூடினார். முகம் மலர்ந்தது.

"பாத்தியா! பழைய சிலிண்டர்ல மிச்சம் இருந்திருக்கு. சுத்தமான வாயுன்னா இதான். காலியானாலும் கைவிடாது!"

பிரிட்டா மேஜைத் துணியை விலக்கினாள். "அப்பா, இது மாமாவோட வெல்டிங் சிலிண்டர்."

ஓரின் அதைப் பார்த்தார். கோப்பையைப் பார்த்தார். இன்னொரு வாய் குடித்து, நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"ஆமா... இப்பத்தான் தெரியுது. லேசா இரும்பு வாடை."

"டான்ஸ் முடிஞ்சுபோச்சுப்பா."

மார்லிஸ் ஓரின் பக்கத்தில் வந்து நின்றாள். இந்த மனுஷன் இப்போதாவது ஒரு வார்த்தை சொல்லுவார் என்று காத்திருந்தாள்.

"ஒரே நிமிஷம்மா. இதை மாத்திட்டு வந்துடறேன்" என்று ஸ்பேனரை எடுத்தார் ஓரின்.

பிரிட்டா ஸ்பேனரைப் பிடுங்கித் தூர எறிந்தாள். அக்கார்டியன்காரரைப் பார்த்தாள், அவர் கழற்றிய வாரை மறுபடி தோளில் மாட்டிக்கொண்டார். அப்பாவும் மகளும் ஆடினார்கள். ஓரின் அழுதார். ஆனால் மகள் தோளுக்கு மேலாக அவர் கண் துருப்பிடித்த சிலிண்டரின் மீதே இருந்ததை, மார்லிஸ் பார்த்தாள், நானும் பார்த்தேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களுக்குப் பீரும் ஆகாது, வாயுவும் தெரியாது. காபிப்பொடியை மட்டும் ஒரே ஒரு கடையில்தான் வாங்குவீர்கள். சிக்கரி ஒரு சிட்டிகை கூடினால் சம்பந்தி வீடானாலும் டம்ளரைக் கீழே வைத்துவிடுவீர்கள். 'அது வேற விஷயம் சார், காபியில வித்தியாசம் நிஜமாவே தெரியும்' என்று சொல்ல இப்போது வாயெடுத்தீர்கள், இல்லையா?

வெர்ஜிலின் விலாசம் வேண்டுமானால் என்னிடம் இருக்கிறது.