அரைச்சுத்து அண்ணையும் நிற்கத் தெரியாத என் க்ரூஸரும்

ஒரு பைக் எவ்வளவு வேகமாக ஓடும் என்று ஒரு தடவைகூடக் கேட்காத மெக்கானிக் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறார். "ஓடுறதைப் பற்றி எனக்குச் சொல்லாதையும். சிக்னல்ல நிண்டால் என்ன செய்யுது?" இதுதான் அவருடைய முதல் கேள்வி. வண்டி நிற்கும்போது எஞ்சின் துடிக்கிற வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கிறது. அதை ஒரு நாளும் அரைச்சுற்றுக்கு மேல் அவர் திருப்பியதில்லை. ஆகவே அரைச்சுத்து அண்ணை. சொந்தப் பெயர் அவர் மனைவிக்குத் தெரிந்திருக்கலாம்.

அவரிடம் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது என் படிப்பு. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவன் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள். புதுக்கடை நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு சட்டத்தரணியிடம் கிளார்க் வேலை. ஆறு கை மாறிய ஒரு க்ரூஸர் பைக்கும் வாங்கியிருந்தேன். காலை நீட்டிச் சாய்ந்து ஓட்டுகிற அந்த வண்டிக்கு அழகே, நிற்கும்போது வருகிற 'டுப்... டுப்...' தான். படித்தவன் இல்லையா, ஒரு வீடியோவைப் பார்த்து, ஒரு நாள் காலையில் நானே ஸ்க்ரூவைத் திருப்பி, துடிப்பை விரல்விட்டு எண்ணுகிற அளவுக்கு மெதுவாக்கினேன். அன்றிலிருந்து காலி வீதியின் ஒவ்வொரு சிக்னலிலும் வண்டி அணைந்தது. மூன்று நாள் தொடர்ந்து வேலைக்குப் பிந்தினேன்.

மூன்றாம் நாள் சட்டத்தரணி கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "நாளைக்குக் களுபோவிலக்குப் போய்க் கட்சிக்காரரிட்ட காணி உறுதிப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு ஒன்பதரைக்குள்ள கோர்ட்டில நிக்க வேணும். நாளைக்கும் பிந்தினால் தம்பி ஹட்டனுக்கே போகலாம்."

அன்று பின்னேரமே வண்டியைத் தள்ளிக்கொண்டு அரைச்சுத்து அண்ணையிடம் போனேன்.

"அண்ணே, கொஞ்சம் கூட்டி வச்சிருங்க. நாளைக்குக் களுபோவில போயிட்டுக் கோர்ட்டுக்குப் பிந்தினா வேலை போயிரும்."

பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல எஞ்சினில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "குளிர்ந்து கிடக்கு. சூடாகாத எஞ்சினில நான் கை வைக்கிறேல்ல. கிருலப்பனை வரைக்கும் ஒருக்கா ஓடிப்போட்டு வாரும்."

"அது நின்னு நின்னு போகுதுன்னுதானே அண்ணே வந்திருக்கேன்."

"அப்ப நிக்காமல் போட்டு வாரும்."

போனேன். திரும்பும்போது வண்டி அணைந்தது. தள்ளிக்கொண்டு வந்து சேர்வதற்குள் எஞ்சின் ஆறிவிட்டது. "திரும்பப் போம்," என்றார். இரண்டாம் தடவையும் அதே கதை. இதே மனிதர் ஒரு மாப்பிள்ளையைப் பட்டுவேட்டியோடு பம்பலப்பிட்டிக்கு மூன்று தரம் அனுப்பி, முகூர்த்தத்தையே தவறவிட வைத்தவர் என்று பக்கத்துக் கொத்துரொட்டிக் கடைக்காரர் எனக்கு ஆறுதல் சொன்னார். மூன்றாம் தடவை ஆக்சிலேட்டரை முறுக்கிய கையை விடாமல், தெருவே திரும்பிப் பார்க்க வந்து சேர்ந்தேன்.

இப்போது அண்ணைக்கு அமைதி வேண்டும். கடற்கரை ரயில் போய் முடியும் வரை காத்திருந்தார். பிறகு கொத்துக் கடையைப் பார்த்து, "மல்லி, பொட்டக் இன்ன," தம்பி, கொஞ்சம் பொறு என்று சிங்களத்தில் சொன்னார். இரும்புத் தகட்டில் ரொட்டி கொத்தித் தாளம் போட்டுக்கொண்டிருந்த கை உடனே நின்றது. ரொட்டிக்குக் காத்திருந்தவர்களும் பழக்கப்பட்டவர்கள்போல வாயை மூடிக்கொண்டார்கள்.

டாங்கில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினார்.

"ஆர் இதைத் தொட்டது?"

"நான்தாங்க."

"சோக் இழுத்துவிட்டபடியே தொட்டனீர்?"

காலையில் குளிர்ந்து கிடந்த எஞ்சினைக் கிளப்ப அதை இழுத்துவிட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சோக் இருக்கும்வரை எஞ்சின் வேகமாகத் துடிக்குமாம். அந்த வேகத்தை வைத்து நான் குறைத்ததில், சோக்கை எடுத்தபின் துடிக்க வேகமே மிச்சமில்லை.

"வீங்கின கால்ல அளவெடுத்துச் செருப்பு வாங்கியிருக்கிறீர்," என்றார்.

"மெதுவாத் துடிச்சாத்தானே அண்ணே ஸ்டைல்."

"ஸ்டைல் உமக்கு. எண்ணெய் ஒழுங்கா ஏறாமல் தேயிறது எஞ்சின்."

கொஞ்சம் திருப்பினார். கேட்டார். இன்னும் கொஞ்சம். ஹாண்டிலை இடமும் வலமும் முழுக்கத் திருப்பி, துடிப்பு மாறுகிறதா என்று பார்த்தார். "நிமிசத்துக்கு ஆயிரம் சுற்று, அதுக்குக் கொஞ்சம் மேல. அவ்வளவு காணும்." எனக்கோ ஆராய்ச்சி மனம். சத்தத்தை வைத்துச் சுற்று அளக்கும் ஆப் ஒன்றைப் போனில் திறந்து மெல்ல நீட்டினேன். ஆறாயிரம் என்று காட்டியது. கொத்துக் கடையில் மறுபடி தாளம் தொடங்கியிருந்தது.

"உம்மட போனுக்குப் பசிக்குது போல," என்றார் அண்ணை.

மறுநாள் காலை உறுதியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வெள்ளவத்தைச் சிக்னலுக்கு வந்தேன். சிவப்பு. வண்டி நின்றது, எஞ்சின் நிற்கவில்லை. திரும்பினால், நடைபாதையில் சாரம் கட்டிக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சரித்தபடி அரைச்சுத்து அண்ணை.

"அண்ணே, இங்க என்ன செய்றீங்க?"

"பேக்கரிக்குப் பாண் வாங்க வந்தனான்." என் முகத்தை அவர் பார்க்கவில்லை, சைலன்சரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பம்பலப்பிட்டிச் சிக்னலிலும் பாண் வாங்க வந்திருந்தார். கொழும்பு பஸ்களைத் தெரிந்தவர்களுக்கு, அவர் எனக்கு முன்னால் எப்படி வந்தார் என்று விளக்கத் தேவையில்லை. பச்சை விழுந்ததும், "போம், போம்," என்று கையைக் காட்டினார்.

ஒன்பது பத்துக்கு நீதிமன்றத்தில் நின்றேன். உறுதியை வாங்கிக்கொண்டு சட்டத்தரணி மணியைப் பார்த்தார், கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்கத் தொடங்கினார். வேலை இன்றும் இருக்கிறது. கொழும்புக்கு வந்த பிறகு எனக்காக ஒருவர் பஸ் ஏறியது அதுதான் முதல் தடவை.