கோலியர்ஸ் வுட் மன்னரின் தேநீர் வரி

ஒரு விஷயத்தை மற்றவர்களுக்கு விளக்குகிறவனுக்கு அது முதலில் தனக்கு விளங்கியிருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இதற்கு நானே சாட்சி. அமெரிக்காவில் குடியேறியிருந்த மக்கள் ஏன் பிரித்தானிய மன்னரை எதிர்த்துக் கிளம்பினார்கள் என்று வாரக்கணக்காகப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்தேன். அதே வாரங்களில் அந்த மன்னர் செய்த வேலையை நானும் செய்துகொண்டிருந்தேன். (அவருக்காவது நடுவில் ஒரு சமுத்திரம் இருந்தது. எனக்கு ஒரு சமையலறைக் கதவுதான்.)

அப்போது என் மகள் துளசிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிருக்கும். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். பிறகு அதுவும் குறைந்து, தோளைக் குலுக்குவதோடு நின்றுவிட்டது. லண்டன் கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீடு சின்னதுதான், ஆனால் அவளுடைய அறைக்குள் நுழைய எனக்கு விசா கிடைக்கவில்லை. எனக்கு அது வலித்தது. வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஒரு நாள் அவளே வரலாற்றுப் பாடத்தோடு வந்து, போயும் போயும் தேயிலை வரிக்காக யாராவது சண்டைக்குப் போவார்களா என்று கேட்டாள். (ஆங்கிலத்தில்தான். ஆனாலும் கேட்டாளே!) எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்கக்கூடிய பதிலை ஒரு முழு நாடகமாக எழுதிவிட்டேன். நாங்கள் போகும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கலைவிழா வந்துகொண்டிருந்தது. துளசி கிளர்ச்சித் தலைவி. மன்னர் வேடத்துக்கு என்னைவிடப் பொருத்தமானவர் இல்லையென்று நானே முடிவுசெய்தேன். ஒத்திகைக்காவது அவள் என்னோடு பேசித்தானே ஆகவேண்டும்? என் ஆசை முழுவதும் அதுதான்.

ஒத்திகைகளில் நான் பொழிந்து தள்ளினேன். முதலில் சீனிக்கு வரி, பிறகு காகிதத்துக்கு வரி, கடைசியில் தேயிலைக்கு வரி. "காசு பெரிசில்லை பிள்ளையள். அந்த நேரம் தேயிலை விலை குறைஞ்சுதான் இருந்தது. ஆனா வரி போட்ட சபையில அந்தச் சனத்துக்காகக் கதைக்க ஒருத்தரும் இல்லை. கேக்காமப் போட்ட வரி. அதுதான் கோபம்" என்று மேசையில் தட்டிச் சொன்னேன். பிள்ளைகள் தலையாட்டினார்கள். துளசி மட்டும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

ஏனென்றால் கலைவிழாவுக்குப் பொருளாளரும் நான்தான். மண்டப வாடகை கூடிவிட்டது என்று, இடைவேளைத் தேநீருக்கு இம்முறை கட்டணம் உண்டென்று பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் அறிவித்துவிட்டேன். எங்கள் விழாக்களில் தேநீர் வியாபாரம் இல்லை. அம்மாமார் வீட்டிலிருந்து தேயிலையும் சீனியும் பால்மாவும் கொண்டுவந்து, தாங்களே ஊற்றி, "குடியுங்கோ" என்று கையில் தருவார்கள். அவர்கள் வீட்டுத் தேயிலையில் அவர்கள் ஊற்றும் தேநீருக்குத்தான் நான் காசு வாங்கப் புறப்பட்டேன்.

அந்த அம்மாமாருக்குத் தலைவி என் மனைவி கௌரி. சோபாவில் என் பக்கத்தில் இருந்தபடியே அந்த அறிவித்தலை அவளும் ஊரோடு ஊராக வாசித்தாள். என்னைப் பார்த்து, "சரி" என்றாள். கல்யாணம் முடித்தவர்களுக்கு அந்தச் "சரி" விளங்கும். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு தாயும் மகளும் சமையலறையில் அடிக்கடி குசுகுசுத்தார்கள். நான் போனால் நிறுத்திவிடுவார்கள். பிள்ளை வசனம் பாடமாக்குகிறாள் என்று பூரித்துப்போனேன்.

விழா நாள் வந்தது. மேடையில் பிள்ளைகள் குளிக்கும் காற்றடைத்த தொட்டியொன்றில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தோம். அந்த அமெரிக்கர்கள் வரித் தேயிலையைக் கொட்டிய கடல் அதுதான். காகிதக் குப்பை அடைத்த பெட்டிகள் தேயிலைச் சரக்கு. நான் அட்டைக் கிரீடத்தோடு, சிவப்பு அங்கி போர்த்திச் சிம்மாசனத்தில் வீற்றிருந்தேன். (அந்த அங்கி கௌரியின் கல்யாணக் கூறைச்சேலை. அலுமாரியிலிருந்து எடுத்தேன். அதையும் கேட்கவில்லை.)

துளசி மேடையின் முன்னுக்கு வந்தாள். "கொடுங்கோல் மன்னா, எம் இசைவின்றி எம்மீது வரி சுமத்த உமக்கு அதிகாரம் தந்தவர் யார்?" என்பது நான் எழுதிய வசனம். அவள் வாய் திறக்கவில்லை. மறந்துவிட்டாளாக்கும் என்று பதறி, "கொடுங்கோல்... கொடுங்கோல்..." என்று சிம்மாசனத்திலிருந்து எடுத்துக்கொடுத்தேன். தன்னைத் திட்டும் வசனத்தைத் தானே கிளர்ச்சிக்காரருக்குச் சொல்லிக்கொடுத்த மன்னர் உலகத்தில் வேறு யாரும் இருக்கமாட்டார்.

துளசி என்னை நேராகப் பார்த்தாள்.

"அப்பா, தேத்தண்ணிக்கு வரி போட முன்னம் அம்மாட்டைக் கேட்டனீங்களோ?"

பெண்கள் இருந்த வரிசைகளிலிருந்து கைதட்டல் கிளம்பி, கூரை அதிரச் சிரிப்பு எழுந்தது. கிளர்ச்சிப் படை பெட்டிகளைத் தூக்கிக் கடலில் கவிழ்த்தது. விழுந்தது காகிதமில்லை, சாட்சாத் தேயிலை. தொட்டித் தண்ணீர் எழும்பி வந்து என்மேல் அடித்தது. கௌரி மேடைக்கு ஓடிவந்தாள். என்னைக் காப்பாற்றத்தான் வருகிறாள் என்று எழுந்து நின்றேன். அவள் என்னைச் சுழற்றி உரித்து, சேலையைக் காப்பாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

இடைவேளையில் மண்டபத்துச் சமையலறை அம்மாமாரும் தேநீரும் இல்லாமல் வெறுமையாகக் கிடந்தது. பிரதம விருந்தினர் வெறுங்கோப்பையை உருட்டிக்கொண்டிருந்தார். விழாத் தலைவர் ஒலிவாங்கியை என் கையில் திணித்தார். நனைந்த பெனியனும் அட்டைக் கிரீடமுமாக நின்று, தேநீர் வரி இத்தால் நீக்கப்படுகிறது, எல்லாரும் மன்னிக்கவேண்டும், முக்கியமாக என் மனைவி மன்னிக்கவேண்டும் என்று அறிவித்தேன். அதன்பிறகுதான் எங்கள் காரின் பின்பெட்டி திறந்து, ஆவி பறக்கும் தேநீர்க் குடுவைகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. கடலில் கொட்டியது காலாவதியான தேயிலை. (எங்கள் ஆட்கள் புரட்சி செய்தாலும் சாமானை வீணாக்கமாட்டார்கள்.)

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். சனமெல்லாம் சிரித்தபோது நான் வெட்கத்தில் குறுகித்தான் நின்றேன். கண் கலங்கியது வேறு காரணத்துக்கு. எத்தனையோ காலத்துக்குப் பிறகு என் பிள்ளை என்னோடு முழுசாக ஒரு வாக்கியம் தமிழில் பேசியிருந்தாள். நான் எழுதிக்கொடுத்ததல்ல, அவளுடைய சொந்தத் தமிழ். கார் வீடு வந்து சேரும்வரை அவளும் தாயும் என்னை வைத்துச் சிரித்தார்கள். தமிழில்தான். எனக்கு அந்தப் பாதை இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் தாடி வளர்க்க நினைத்தாலும் சரி, தொலைக்காட்சியை இடம் மாற்ற நினைத்தாலும் சரி, ஒரே கேள்விதான்: "அம்மாட்டைக் கேட்டனீங்களோ?" இல்ஃபோர்டில் இருக்கும் சொந்தக்காரர்கள்கூட என்னை அப்படிக் கேட்டுத்தான் வரவேற்பார்கள்.

போன மாதம் துளசி தேநீர் போட்டு என் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். இப்போது அவள் வேலைக்குப் போகிறாள், சொந்தக் காலில் நிற்கிறாள்.

"அப்பா, லூயிஷாம் பக்கம் ஒரு பிளாட் எடுத்துத் தனியாப் போகலாமெண்டு யோசிக்கிறன். உங்களைக் கேக்காமப் போக விருப்பமில்லை."

அவள் கேட்டிருக்கத் தேவையில்லை. கேட்டாள். பிரிந்து போகிறோம் என்று சொன்னவர்களுக்கு அந்த மன்னர் படையை அனுப்பினார். எனக்குப் படை கிடையாது. இருந்த ஒரே ஆயுதத்தை எடுத்தேன்.

"அம்மாட்டைக் கேட்டனியோ?"

துளசி சிரித்தாள். சமையலறையிலிருந்து கௌரியின் குரல் வந்தது.

"என்னட்டை எப்பவோ கேட்டிட்டாள், நானும் ஓமெண்டிட்டன். நீங்கள் தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறப்போகுது."