மூத்த மருமகனின் வண்டி மலையேறாத விவகாரம்

திருச்செங்கோடு,
ஞாயிறு மாலை.

மதிப்பிற்குரிய மச்சான் குழந்தைவேல் அவர்களுக்கு, உங்கள் மூத்த அக்கா சாரதாமணியின் கணவன் முருகானந்தம் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் இருவரும் சுகம். ஜலகண்டாபுரத்தில் நீங்களும் தங்கச்சி வெண்ணிலாவும் பிள்ளைகளும் நலமாக இருக்கவும், உங்கள் தறிகள் நூல் அறுபடாமல் ஓடவும் மலைமேல் இருக்கிற சாமி துணை நிற்பார். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் உங்கள் அக்கா பக்கத்தில் நின்று திருத்துவாள் என்பதால் எழுதுகிறேன்.

ஆடிப்பெருக்கன்று குடும்பத்தோடு கொல்லிமலை போகிறோம். உங்கள் அம்மா, அதாவது என் அத்தை, யாருடைய வண்டியில் ஏறுவது என்பதுதான் விஷயம். மூத்த மருமகன் வண்டி முன்னால் போக, அதன் முன்சீட்டில் அத்தை உட்காருவது உங்கள் வீட்டு முறை. அந்த முறை கடந்த சித்திரையில் உடைந்தது. எப்படி உடைந்தது என்பதை மற்றவர்கள் பலவிதமாகச் சொல்லியிருப்பார்கள். நடந்தது இதுதான்.

தை மாதம் நான் ஒரு டீசல் கார் வாங்கியது உங்களுக்குத் தெரியும். பழைய வண்டிதான். ஆனால் சமதரையில் தண்ணீர் மாதிரி போகும். சித்திரையில் அத்தையை முன்சீட்டில் உட்காரவைத்து நம் ஊர் மலைக்கோயிலுக்குப் புறப்பட்டேன். பின்னால் உங்கள் சின்ன மச்சான் இளஞ்செழியன், உங்கள் சின்னக்கா சரிதாவோடு அவருடைய புதுக் காரில் வந்தார். ஏழு பேர் உட்காரும் கறுப்பு வண்டி. மேலே கண்ணாடிக் கூரை, தானாகத் திறக்கும் கதவு, முன்சீட்டில் முதுகுக்குக் குளிர்காற்று. இதையெல்லாம் நான் கவனிக்கவில்லை, உங்கள் அக்கா சொன்னாள். போர்வெல் ரிக் லாரி வைத்திருப்பவர் என்ன வாங்கினாலும் எனக்கென்ன, எனக்குப் பொறாமை என்பதே கிடையாது.

மலையில் இரண்டாவது வளைவு தாண்டியதும் வண்டி இழுக்கவில்லை. கியரைக் குறைத்தேன், ஏசியை அணைத்தேன், மிதித்தேன். மிதிக்க மிதிக்க மூச்சு வாங்கியது. படியேறுகிற பக்தர்கள் எங்களை முந்திப் போனார்கள். கடைசியில் நின்றேவிட்டது. இளஞ்செழியன் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டி, “அண்ணா, ஏனுங்க, நான் வேணும்னா பின்னால இருந்து தள்ளட்டுங்களா?” என்றார். சிரிக்காமல் கேட்டார், அதுதான் எரிச்சல். அத்தை உடனே கதவைத் திறந்து, “சாமி, நான் சின்னவரு வண்டியில வாரேன், நீங்க மெதுவா வாங்க” என்று போய் அந்தக் குளிர்காற்றுச் சீட்டில் உட்கார்ந்துகொண்டார்கள். இறங்கும்போதும் அதிலேயே இறங்கினார்கள். வீட்டுக்கு வந்து மூன்று நாள் அந்தச் சீட்டைப் பற்றியே பேசினார்கள்.

அதன்பிறகு நான் காட்டாத மெக்கானிக் இல்லை. ஒருவர் டீசல் பில்டரை மாற்றினார். ஒருவர் கிளட்ச் தேய்ந்துவிட்டது என்று புது கிளட்ச் போட்டார். இன்னொருவர் பானெட்டைத் திறந்து வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “வண்டி நல்லாத்தானுங்க இருக்குது, மலைதான் சரியில்லை” என்றார். எல்லோரும் சமதரையில்தான் ஓட்டிப் பார்த்தார்கள். மலைக்கோயில் பாதையில் மறுபடி நின்று ஊர் சிரிக்க எனக்கு மனமில்லை. நானே ஒரு ரயில்வே மேம்பாலத்தில் ஏறி இறங்கி, ஏறி இறங்கிச் சோதித்தேன். போலீஸ்காரர் நிறுத்தி, “யாரைத் தேடறீங்க?” என்று கேட்டார். சக்தியைத் தேடுகிறேன் என்றேன். ஊதச் சொல்லிவிட்டார்.

போன ஞாயிறு நான் கூப்பிடாமலே இளஞ்செழியன் வந்தார். அத்தையும் கூட இருந்தார்கள். “வாங்கண்ணா, மலைக்கே போய்ப் பாத்துருவோம்” என்றார். அதே வளைவில் வண்டி திணறியது. எஞ்சினை அணைக்கவிடாமல் பானெட்டைத் திறந்து, “நல்லா மிதிங்கண்ணா” என்றார். மிதித்தேன். “காத்துப் போகலீங்கண்ணா. ரிக்குல கம்ப்ரசரும் இப்படித்தான் மூச்சு வாங்கும்” என்று சொல்லிக்கொண்டே கையை உள்ளே விட்டு ஒரு முடிச்சை இழுத்து எடுத்தார். கறுப்புத் துணியில் படிகாரம், காய்ந்த மிளகாய். எஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாயின் வாயோரம், வெளியே தெரியாதபடி கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். சமதரையில் சும்மா தொங்கும். மேட்டில் எஞ்சின் பலமாக உறிஞ்சும்போது போய் வாயை அடைத்துக்கொள்ளும். முடிச்சை எடுத்ததும் வண்டி ஆட்டுக்குட்டி மாதிரி ஏறியது. அத்தை என்னைப் பார்த்து, “சின்னவரு கை வெச்சா மலையே வழி விடுதுங்க” என்றார்கள். வண்டியை ஓட்டியது நான்.

மச்சான், நிதானமாக யோசித்துப் பாருங்கள். இத்தனை மெக்கானிக்குக்குத் தெரியாத இடம் அவருக்கு மட்டும் எப்படித் தெரியும்? வைத்தவருக்குத்தானே எடுக்கத் தெரியும்? இது செய்வினை. துணியும் நம் பக்கத்துத் துணி இல்லை. வழவழவென்று, தண்ணீர் ஒட்டாத ஏதோ வெளியூர்த் துணி. அதைவிட, எடுத்த முடிச்சைக் கீழே போடாமல் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். தடயத்தை மறைப்பவர்தான் அப்படிச் செய்வார். ஆகவே நீங்கள் பெரியவர்களைக் கூட்டி அவரை விசாரிக்க வேண்டும். கொல்லிமலையின் அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் செய்வினைக்காரர் வண்டியில் அத்தையை அனுப்ப என் மனம் ஒப்பவில்லை.

தங்கச்சிக்கு என் விசாரிப்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, யாருடைய வண்டியையும் பார்த்து ஏங்காத மனதோடு வளர ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
முருகானந்தம்

பின்குறிப்பு: உறை ஒட்டும்போது உங்கள் அக்கா பிடுங்கிப் படித்துவிட்டாள். “அட ஏனுங்க, அதை நாந்தானுங்க கட்டுனேன். சின்னவரு கண்ணு பொல்லாது, வெளிய தொங்கவிட்டா சொந்தக்காரங்க ஊடு ஊடாச் சொல்லிச் சிரிப்பாங்க, உள்ளாற மறைச்சுக் கட்டுன்னு நீங்கதானே சொன்னீங்க? கிழிஞ்ச குடைத் துணிகூட நீங்கதானே எடுத்துக் குடுத்தீங்க?” என்கிறாள். குடையைப் பார்த்தேன். ஒரு பக்கம் துணி இல்லை. ஆகவே பெரியவர்களைக் கூட்ட வேண்டாம். ஆனால் அந்த முடிச்சு என்னுடையது. “இது கழுத்தை நெரிச்சும் வண்டி பாதி மலை ஏறியிருக்குது, அப்ப இந்த முடிச்சுக்கு எத்தனை சக்தியிருக்கும்!” என்று இளஞ்செழியன் அதைத் தம் காரின் முன்னால் கட்டிக்கொண்டாராம். சற்றுமுன் அத்தை போனில் சொன்னார்கள்: அந்த முடிச்சு எந்த வண்டியில் இருக்கிறதோ, அதில்தான் கொல்லிமலைக்கு ஏறுவார்களாம். மேலே எழுதியது எதையும் மூச்சுவிடாமல், எப்படியாவது ஆடிப்பெருக்குக்குள் அதை வாங்கி அனுப்புங்கள்.