ஏப்பக்காரர் இளைத்த கதை

இந்த மலையில் ஹாரன் அடிக்காமலே வண்டி ஓட்டிய ஒரே டிரைவர் எங்கள் ஏப்பக்காரர்தான். ஹாரன் நன்றாகத்தான் இருந்தது. தேவைப்படவில்லை, அவ்வளவுதான். கொட்டச்சேட்டு வளைவில் அவர் ஒரு ஏப்பம் விட்டால், எதிர் வளைவில் வருகிற பால் வண்டிக்காரன் தானாக ஓரம் கட்டுவான். காப்பிக்காட்டில் வேலை செய்கிற பெண்கள் தலை நிமிராமலே, "ஜீப்பு வந்துருச்சு" என்பார்கள்.

அவருக்கும் அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கு எதிரில் 'டிரைவரண்ணா', முதுகுக்குப் பின்னால் 'ஏப்பக்காரர்'. இரண்டுக்கும் அவர் திரும்பிப் பார்ப்பார்.

நான் கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் ரைட்டர். ஆள் வருகையையும் காப்பிப் பழ நிறுவையையும் எழுதுகிற வேலை. குடியிருப்பது ஏற்காடு பஜாருக்குப் பின்னால். தினம் காலையில் அவர் ஜீப்பில்தான் போவேன். முன்சீட்டு எப்போதும் எனக்குத்தான். படித்த பெண் என்கிற மரியாதை என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவரே வாய் தவறிச் சொன்னார்: "ரைட்டரம்மா பின்னாடி உக்காந்தா வண்டி முன்னாடி தூக்குதுங்க."

அவர் மட்டும் லேசான ஆளா? ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவில் தீப்பெட்டி நுழையாது. ஒவ்வொரு வளைவிலும் ஸ்டியரிங் அவர் சட்டைப் பட்டன்களை உரசிக்கொண்டுதான் திரும்பும்.

ஏப்பத்துக்கு நாங்கள் சிரிப்போம். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் சில நாள் அடிவாரத்திலிருந்து மேலே ஏறும்போது பாதி வழியில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்குவார். பானெட்டில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து நிற்பார். "இஞ்சின் சூடாயிருச்சுங்க, ஆறட்டும்" என்பார். நெற்றியெல்லாம் வேர்த்திருக்கும். சூடானது இஞ்சின் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். சாப்பிட்டால் வயிறு கல்லாட்டம் உப்பிக்கொள்ளும் அவருக்கு.

கடைசியில் அவர் மனைவி நல்லம்மாக்கா சேலத்தில் வயிற்று டாக்டர் ஒருவரிடம் அழைத்துக்கொண்டு போனார். மறுநாள் ஜீப்பில் முழு ரிப்போர்ட் கிடைத்தது.

"எனக்கு வயித்துக்குள்ள மாவு பொங்குதாமுங்க. ராத்திரி ஆட்டி வெச்ச இட்லி மாவாட்டம். அதனால சோறு, இட்லி, பூரி, உருளைக்கெழங்கு, சக்கரை எல்லாத்தையும் கொஞ்ச நாளைக்கு நொம்பக் கம்மி பண்ணோணுமாம். வயிறு அடங்குனதும் ஒண்ணொண்ணா திருப்பிச் சேத்துப் பாக்கலாமாம்."

"அப்ப என்னதான் திங்கறதுண்ணா?" என்று கேட்டேன்.

"முட்ட, மீனு, கீர, நம்மூரு பட்டர் ஃப்ரூட்டு."

பின்சீட்டில் இருந்த ஒரு வாத்தியார், "ஓ, வெயிட் குறைக்கற டயட்டு" என்றார்.

"வெயிட்டுக்கு இல்லீங்க. வயித்துக்கு."

"ரெண்டும் ஒண்ணுதானுங்க."

"ரெண்டும் வேறங்க" என்றார் ஏப்பக்காரர். அது எப்படி வேறு என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஏப்பம் விட்டார். அதோடு பேச்சு முடிந்தது.

நான் அன்றே முடிவு செய்துவிட்டேன். அவர் வயிற்றுக்கு, நான் எடைக்கு. முன்சீட்டில் இரண்டு பேரும் ஒரே விரதம்.

சாயங்காலம் நான் வேலை முடிந்து திரும்பும் வழியில், ஏரிக்கரையில் ஆளுக்காக வண்டி காத்திருக்கும்போது அவர் வழக்கமாகப் போகிற தள்ளுவண்டிக் கடைக்குப் போய், "பிரட்டு இல்லாம ஒரு பிரட் ஆம்லெட்டு" என்றார்.

கடைக்காரர் யோசித்தார். "அதுக்குப் பேரு ஆம்லெட்டுங்கண்ணா."

"அப்ப அதுல ஒண்ணு குடுங்க."

மிச்சமான பிரட்டை என்ன செய்வது என்று கடைக்காரர் கேட்க, அவர் நெடுநேரம் அதையே பார்த்துவிட்டு, "ரைட்டரம்மாவுக்குக் குடுங்க" என்றார். எனக்கும் விரதம் என்பது அவருக்கு மறந்துவிட்டது. எனக்கும் அந்த நிமிஷம் மறந்துவிட்டது.

நல்லம்மாக்காவுக்கு மட்டும் இது பிடிபடவே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அண்டா நிறையச் சோறு வடித்த கை. "ஊட்டுக்கு வந்தா ஆம்பள ஒரு முட்டையும் கீரையும் தின்னுட்டு எந்திரிக்கறாரு கண்ணு. பாவமா இருக்குது" என்பார் என்னிடம்.

ஆனால் டயட் வேலை செய்தது. கொஞ்ச நாளில் உப்புசம் போயிற்று. பானெட்டில் கை ஊன்றுவது நின்றது. ஏப்பமும் நின்றது. ஒருநாள் காலையில் கொட்டச்சேட்டு வளைவில் பால் வண்டி எங்கள் மேல் ஏறாத குறை. பால்காரன் இறங்கி வந்து வருத்தமாகச் சொன்னான்: "உடம்பு நல்லானா சொல்ல வேண்டாங்களாண்ணா. இனிமே ஹாரனாச்சும் அடிங்க."

அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பில் ஜீப்பே ஆடியது. வயிறு வலிக்காமல் ஒரு மனிதன் சிரிப்பதை நாங்கள் அப்போதுதான் பார்த்தோம்.

வயிறு அடங்கியதும் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாரே, அதற்கு நேரம் வந்தது. அதற்குள் வேறொன்றும் வந்துவிட்டது. மனிதர் இளைக்க ஆரம்பித்திருந்தார். முதலில் பட்டன்கள் பிழைத்தன. அப்புறம் ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு தேங்காய் வைக்கலாம் என்கிற அளவுக்கு இடம் வந்தது. கழுத்து என்று ஒன்று அவருக்கு இருப்பது தெரிந்தது.

பஜாரே அசந்துவிட்டது. மருந்துக்கடைக்காரர் கூப்பிட்டு விசாரித்தார். லாட்ஜ் மேனேஜரின் மனைவி வண்டியை நிறுத்தி, காலையில் என்ன, மதியம் என்ன என்று கேட்டுக்கொண்டு போனார். வெளியூரிலிருந்து சுற்றிப் பார்க்க வந்தவர்கள், லேடீஸ் சீட் என்கிற மலைமுனையில் இறங்கிப் பள்ளத்தாக்கைப் பார்ப்பதற்குப் பதிலாக, அவரிடம் பட்டர் ஃப்ரூட்டை உப்புப் போட்டுத் தின்பதா, மிளகுப்பொடி போட்டுத் தின்பதா என்று கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஆரம்பத்தில் எல்லோரிடமும் "வெயிட்டுக்கு இல்லீங்க, வயித்துக்கு" என்று சொல்லிப் பார்த்தார். யாரும் காதில் வாங்கவில்லை. போகப் போக அவரே கட்சி மாறிவிட்டார். "மனசு வெச்சா யாரு வேணா எளைக்கலாமுங்க" என்று என் பக்கம் பார்த்துச் சொல்லுவார்.

எனக்கு எரிச்சல்தான். அதே முட்டை, அதே கீரை. என் எடை ஏரிக்கரைப் படகாட்டம் கொஞ்சம் அந்தப் பக்கம் போய்விட்டுத் திரும்ப அதே இடத்துக்கு வந்துவிடும். அவருடையது ஐஸ் கட்டியாட்டம் கரைந்துகொண்டிருந்தது.

டிரைவரண்ணாவுக்குப் புதுச் சட்டைகள் வந்தன. உடம்போடு ஒட்டின மாதிரி தைத்தது, அதிலும் ஒன்று கிளிப் பச்சை. மீசைக்கு மை ஏறியது. ஒருநாள் கண்ணாடியைத் திருப்பித் திருப்பி வைத்தார். பின்னால் வருகிற வண்டியைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்கண்ணா, பொண்ணு பாக்கப் போறீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. கியரை மாற்றிவிட்டு மெதுவாகச் சொன்னார்: "கேலி பண்ணாதீங்க ரைட்டரம்மா. நான் சின்னதுல இருந்தே குண்டு. கல்யாணத்தன்னிக்குக் கூட என்னய யாரும் பாக்க நல்லாருக்கறன்னு சொன்னதில்லீங்க. இப்பத்தான் சொல்றாங்க. காதுக்கு நொம்ப நல்லாருக்குது."

நான் கையை நீட்டிக் கண்ணாடியை அவர் பக்கமே திருப்பி வைத்தேன்.

அந்த மலையில் அவரை நல்லாயிருக்கிறார் என்று சொல்லாத ஒரே ஆள் நல்லம்மாக்கா. ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தையில் பார்த்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாரும் எளைச்சுட்டாருங்கறாங்க. இது எளைக்கறதில்ல கண்ணு. கரையறது. இப்பச் சோறு போட்டாலும் கரையறாரு. வெயிட்டு கொறஞ்சா ஒடனே வரோணும்னு டாக்டரு அன்னிக்கே சொன்னாரு. நானும் பக்கத்துல தான இருந்தேன். கூப்புட்டா வர மாட்டீங்கறாரு. நல்லா ஓடற வண்டியை எதுக்கு ஒர்க்‌ஷாப்புல உடோணும்ங்கறாரு."

டாக்டர் சொன்ன அந்த ஒரு வாக்கியம் மட்டும் ஜீப்பில் எங்களுக்குக் கிடைத்த ரிப்போர்ட்டில் இல்லை.

மறுநாள் காலை. பஜாரில் ஜீப் நிறைந்து கிளம்பப் போகிறது. நல்லம்மாக்கா ஒயர் கூடையோடு வந்து வண்டிக்கு முன்னால் நின்றார்.

"ஏனுங்க, வண்டி இன்னிக்குக் கொட்டச்சேட்டுக்குப் போவாது. சேலம் போவுது."

"ஆளெல்லாம் ஏறி உக்காந்திருக்காங்கடி."

"அவங்களும் வரட்டும்."

அவர் ஹாரன் அடித்தார். அக்கா நகரவில்லை. பின்னால் பஸ் வந்து நின்றது. அதற்குப் பின்னால் இன்னொரு பஸ். பஸ் டிரைவர் இறங்கி வந்து, விஷயத்தைக் கேட்டுவிட்டு, அக்காவின் பக்கம் சேர்ந்துகொண்டார். பின்சீட்டில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக, "போயிட்டு வாங்கண்ணா" என்று இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. எஸ்டேட்டுக்கு லீவு சொல்லிவிட்டு முன்சீட்டிலேயே இருந்தேன். அக்கா பின்னால் ஏறினார். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அவர் ஹாரன் அடித்துக்கொண்டே இறக்கினார்.

குடலில் கட்டி. ஈரலுக்கும் பரவியிருந்தது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டிவிட்டு, "எடை குறைஞ்சா வரச் சொன்னேனே ஐயா" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஏப்பக்காரர் அந்தக் கிளிப் பச்சைச் சட்டையின் கீழ்ப் பட்டனைத் திருகிக்கொண்டே இருந்தார்.

அந்தச் சாப்பாட்டால் வந்ததா என்று அக்கா கேட்டார். இல்லை என்றார் டாக்டர். உப்புசம் தணிந்தது அந்தச் சாப்பாட்டால், இளைத்தது இந்தக் கட்டியால். இரண்டும் ஒரே சமயத்தில் நடந்ததால் யாருக்கும் தெரியவில்லை. "இனிமே பத்தியம் எதுவும் வேண்டாம். ஆசைப்பட்டதைச் சாப்பிடட்டும்" என்றார். அதைக் கேட்டதும் அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

ஆஸ்பத்திரியில் சில வாரம் இருந்தார். அக்கா பக்கத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கி, தினம் டிபன் கேரியரில் சோறும் குழம்பும் கொண்டு வருவார். அவரால் இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. ஒருநாள் நான் போயிருந்தபோது அக்கா பிசைந்த சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு திடீரென்று திட்ட ஆரம்பித்தார்.

"குண்டா இருந்தப்பவே நல்லாத்தான இருந்தீங்க. எவ சொல்லோணும்னு அந்தப் பச்சச் சட்டயப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சீங்க?"

அவர் அக்காவை ஆச்சரியமாகப் பார்த்தார். "நல்லாவா இருந்தேன்?"

"இல்லாமயா உங்களக் கட்டிக்கிட்டேன்?"

"அத அப்பவே சொல்லியிருக்கலாமில்ல."

"நீங்க கேக்கலியே."

அவர் வாயைத் திறந்தார். மூன்றாவது வாய் இறங்கியது. நான் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டேன்.

அப்புறம் மலைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். காப்பி பூத்துக் காடெல்லாம் வெள்ளையாக இருந்த வாரத்தில், ஒரு மத்தியானம், அவர் வீட்டிலேயே போய்விட்டார். தூக்க வந்தவர்கள் நாலு பேர் போதும் என்றார்கள். அதைக் கேட்டுத்தான் எனக்கு அழுகை வந்தது.

பஜாரில் இன்றைக்கும் சிலர் சோறு தின்னாமல் கெட்டார் என்பார்கள். சிலர் அந்தச் சாப்பாட்டால்தான் கடைசிக் காலத்தில் வயிறு வலிக்காமல் இருந்தார் என்பார்கள். முன்னமே போயிருந்தால் இன்னும் கொஞ்ச காலம் கிடைத்திருக்குமா என்று நான் டாக்டரிடம் கேட்கவில்லை. அக்காவும் கேட்கவில்லை.

ஒரு மாசம் கழித்து அக்காவைப் பார்க்கப் போனேன். சாப்பிடாமல் விடமாட்டேன் என்றார்.

"உனக்குச் சோறு ஆவாதே கண்ணு. முட்ட வேக வெக்கட்டுமா?"

"சோறே போடுங்கக்கா."

தட்டில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து, என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் ஒருமுறை நிதானமாகப் பார்த்தார்.

"போறதுக்கு முன்னாடி ஒரு வேல சொல்லிட்டுப் போனாரு. ரைட்டரம்மா அந்த டயட்ட இன்னும் உடாம இருக்கறாப்புல தெரியுது, ஒரு கண்ணு வெச்சுக்க. அந்தம்மா எளைக்கற மாதிரி தெரிஞ்சா யாரு பேச்சயும் கேக்காத, கையப் புடிச்சு இழுத்துக்கிட்டு டாக்டருகிட்டப் போயிருன்னாரு." அக்கா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நல்லவேள. அப்படியேதான் இருக்கறே."

என் எடையைப் பற்றி இந்த ஊரில் பேசாதவர்கள் இல்லை. அது குறைந்துவிடுமோ என்று கவலைப்பட்டவர் அவர் ஒருத்தர்தான்.

"இன்னும் கொஞ்சம் போடுங்கக்கா" என்றேன்.